நானோ என்றால் குட்டி என்று மட்டும்தானா?

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதுப் போன் வாங்கினேன். பழைய சிம் அதற்குள் போகவில்லை. தெருமுனைச் செல்போன் கடைக்குப் போனேன். கடைத் தம்பி மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்டேப்லர் மாதிரி ஒரு கருவியை எடுத்தார். சிம்மை அதன் வாயில் செருகி ஒரே அமுக்கு. ஓரத்துப் பிளாஸ்டிக் கழன்று விழ, நடுவிலிருந்த தங்க நிறச் சதுரம் மட்டும் மிச்சமாக வந்தது. "அவ்வளவுதாண்ணே, மைக்ரோ இப்ப நானோ ஆயிடுச்சு" என்றார். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்குப்படி ஒரு மைக்ரோவை ஆயிரம் துண்டாக நறுக்கினால்தான் ஒரு நானோ கிடைக்க வேண்டும். தம்பியோ ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்ததோடு சரி. மைக்ரோ சிம்மின் நீளம் 15 மில்லிமீட்டர், நானோ சிம்மின் நீளம் 12.3 மில்லிமீட்டர். அந்த 12.3 மில்லிமீட்டரை நானோமீட்டரில் சொன்னால் 1 கோடியே 23 லட்சம். டாடா நானோ கார் இன்னும் வேடிக்கை. அதன் நீளம் 3.1 மீட்டர், அதாவது 310 கோடி நானோமீட்டர்.

பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. குட்டியானதற்குக் குட்டியான பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து கடைத்தெருவுக்கு வந்த அந்தச் சொல் 'ரொம்பச் சின்னது' என்ற பாதிப் பொருளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. சுவையான மறுபாதி உள்ளேயே தங்கிவிட்டது. அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்க்கலாம்.

ஒரு முன்னொட்டின் கதை

நானோ என்ற சொல்லின் வேர் கிரேக்கம். அங்கே அதற்குக் குள்ளன் என்று பொருள். (தமிழில் அதே ஒலி, யாரோ திகைத்துப் போய் "நானோ?" என்று கேட்பதுபோல இருக்கிறது.) 1960-ல் உலகத்துக்கெல்லாம் பொதுவான அலகு முறையை வகுத்தபோது, நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக இதைச் சேர்த்தார்கள். முன்னொட்டு என்பதைக் கவனிக்க வேண்டும். தனியாக நிற்க இதற்குக் கால் கிடையாது. மீட்டர், நொடி, கிராம் என்று ஏதாவது ஓர் அலகின் தலையில் ஏறி உட்கார்ந்தால்தான் அர்த்தம் வரும்.

நூறு கோடியில் ஒரு பங்கு என்று சொல்லிவிடலாம், மனதில் பதியாது. ஒரு மீட்டரைப் பூமி அளவுக்கு ஊதிப் பெருக்கினால், அதே விகிதத்தில் ஒரு நானோமீட்டர் ஒரு சின்னக் கோலிக்குண்டு அளவுக்கு வரும். இன்னொரு கணக்கும் உண்டு. நம் கைவிரல் நகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளர்கிறது. இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் நகம் இருபது முப்பது நானோமீட்டர் நீண்டிருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை. ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7,000. கொரோனா வைரஸ் 100 சொச்சம். டிஎன்ஏ இழையின் அகலம் 2. மூன்று தங்க அணுக்களை ஒட்டி ஒட்டி வைத்தால் ஒரு நானோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதாவது அணுக்களை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு வந்துவிட்டோம்.

இவ்வளவு சிறிய பங்குக்குத் தமிழில் பெயர் இருந்ததா என்று கேட்டால், கிட்டத்தட்ட இருந்தது. பின்னங்களுக்கான பழைய கீழ்வாய் இலக்க வாய்பாட்டில் முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. அதை மறுபடியும் 320 கூறு போட்டால் கீழ்முந்திரி. கீழ்முந்திரியை 21 ஆக்கினால் இம்மி, இம்மியை 11 ஆக்கினால் மும்மி, மும்மியை 7 ஆக்கினால் அணு, அணுவை 9 ஆக்கினால் குணம். பெருக்கிப் பாருங்கள், ஒரு குணம் என்பது ஏறக்குறைய 149 கோடியில் ஒரு பங்கு. நானோவுக்குப் பக்கத்து வீடு! "இம்மியளவும் விட்டுத் தரமாட்டேன்" என்று சண்டையில் சொல்கிறோமே, ஒரு மீட்டரில் இம்மியளவு என்பது சுமார் 465 நானோமீட்டர். நீல ஒளியின் அலைநீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாய்பாடு போட்டவர்கள் கையில் இதையெல்லாம் அளக்கக் கருவி இருந்ததாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது எண்ணால் மட்டும் இறங்கிப் போன ஆழம். ஆனாலும் அந்த இடத்துக்குக் குணம் என்று ஒரு பெயர் விழுந்தது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

தொழில்நுட்பம் எப்போது சேர்ந்தது?

நானோ தொழில்நுட்பம் என்ற துறையின் கதையை எல்லோரும் 1959 டிசம்பர் 29-லிருந்துதான் தொடங்குவார்கள். கலிபோர்னியாவில், கால்டெக் என்ற தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த இயற்பியலாளர் கூட்டத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் ஓர் உரை நிகழ்த்தினார். ஒரு கலைக்களஞ்சியத்தின் 24 தொகுதிகளையும் ஒரு குண்டூசித் தலையில் ஏன் எழுத முடியாது என்பது அவர் கேள்வி. அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வேண்டிய இடத்தில் வைக்க இயற்பியல் விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்றார். அந்த உரையில் நானோ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

உரையின் கடைசியில் அவர் ஒரு பந்தயம் வைத்தார். ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டருக்குள் அடங்கும் மின்மோட்டார் ஒன்றைச் செய்பவருக்கு 1,000 டாலர். இதற்குப் புதிய உற்பத்தி முறை ஒன்றையே யாராவது கண்டுபிடித்தாக வேண்டும் என்று அவர் நம்பினார். மறு வருஷமே வில்லியம் மெக்லெலன் என்ற பொறியாளர் ஒரு நுண்ணோக்கியும் கையுமாக வந்து நின்றார். சாமணமும் பொறுமையும் வைத்து, பழைய கைவேலையிலேயே மோட்டாரை முடித்துவிட்டார். ஃபைன்மன் பணத்தைக் கொடுத்தார், ஆனால் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பொருள் சிறிதாகியிருந்தது. புதிதாக எதுவும் பிறக்கவில்லை. நானோவைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய முதல் கதை இதுதான்.

'நானோ-டெக்னாலஜி' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு ஜப்பானியர். டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நோரியோ தனிகுச்சி 1974-ல் அதைப் பயன்படுத்தினார். ஒரு பொருளை ஓர் அணு, ஒரு மூலக்கூறு என்ற நுணுக்கத்தில் பிரிப்பது, சேர்ப்பது, உருமாற்றுவது என்பதுதான் அவர் தந்த விளக்கம். 1980-களில் எரிக் டிரெக்ஸ்லர் என்ற அமெரிக்கர், தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் மூலக்கூறு இயந்திரங்கள் வரும் என்று எழுத, சொல் பொதுமக்களிடம் பரவியது. கூடவே, அந்த இயந்திரங்கள் கட்டுமீறிப் பெருகி உலகத்தையே தின்றுவிடும் என்ற பயமும் பரவியது. அந்தப் பயம் கதைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்று துறைக்காரர்கள் ஏறக்குறைய 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவை நானோ அளவு என்கிறார்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றில் ஒன்றாவது அந்த வரம்புக்குள் வர வேண்டும். இது பாதி. மறுபாதி, அந்த அளவுக்கு இறங்கியதால் பொருளுக்கு வந்து சேர்ந்த புதிய குணத்தைத் தெரிந்தே பயன்படுத்துவது. அளவு குறையும்போது குணம் மாறுகிறது. குணம் என்ற அந்தப் பழைய வாய்பாட்டுப் பெயர் எனக்கு ஏன் பிடித்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

குணம் ஏன் மாறுகிறது?

ஒரு குண்டுமணி தங்கமும் மஞ்சள்தான், ஒரு கிலோ கட்டியும் மஞ்சள்தான். தங்கத்தின் நிறம் எடையைப் பொறுத்து மாறாது என்பதுதான் நம் அனுபவம். ஆனால் அதை 20 நானோமீட்டர் துகளாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் தண்ணீர் மாதுளைச் சாறு மாதிரி சிவந்துவிடும். துகள் பெரிதாகப் பெரிதாக நிறம் ஊதாப் பக்கம் நகரும். துகளின் எலெக்ட்ரான்கள் ஒளி அலை வந்து மோதும்போது ஒரே தாளத்தில் ஊசலாடுகின்றன. அந்த ஊசலாட்டம் பச்சை ஒளியை விழுங்கிவிடுகிறது, சிவப்பு தப்பித்து நம் கண்ணுக்கு வருகிறது. கட்டித் தங்கத்தில் இந்த விளையாட்டு நடக்காது.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. மருந்துக் கடையில் ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு சிவப்புக் கோடு தெரிகிறதே, பெரும்பாலான அட்டைகளில் அது சாயம் கிடையாது. நானோ தங்கம். அட்டையின் ஒரு முனையில், கர்ப்ப ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களைப் பூசிய தங்கத் துகள்கள் காய்ந்து கிடக்கின்றன. சிறுநீர் பட்டதும் அவை நனைந்து பட்டையில் ஊர்கின்றன. ஹார்மோன் இருந்தால் அதையும் கவ்விக்கொண்டு போய், வழியில் காத்திருக்கும் புரதக் கோட்டில் சிக்கி நிற்கின்றன. லட்சக்கணக்கில் சிக்கியதும் சிவப்பாகத் தெரிகிறது. ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் அந்தக் கோடு, கண்ணுக்குத் தெரியாத தங்கம். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே பார்த்த அட்டைகளிலும் பெரும்பாலும் இதே வேலைதான்.

ஒளியோடு இன்னொரு விளையாட்டு. தொண்ணூறுகளின் கிரிக்கெட் வீரர்கள் மூக்கிலும் உதட்டிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டு ஆடியது நினைவிருக்கிறதா? அது துத்தநாக ஆக்சைடு களிம்பு. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் திருநீறு பூசின மாதிரி இருக்கும். இன்றைய சன்ஸ்கிரீன் களிம்புகள் சிலவற்றில் அதே துத்தநாக ஆக்சைடு இருக்கிறது, முகம் வெளுப்பதில்லை. துகளை 100 நானோமீட்டருக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 400-லிருந்து 700 நானோமீட்டர். துகள் அதைவிடப் பல மடங்கு சிறுத்துவிட்டதால் ஒளி அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறது. புறஊதாக் கதிர் மட்டும் மாட்டிக்கொள்கிறது.

அப்புறம் மேற்பரப்பு. கற்கண்டைப் பாலில் போட்டால் கரைய நேரமாகும், சர்க்கரை உடனே கரையும். முழு மிளகைவிட மிளகுப் பொடி சுருக்கென்று இருக்கும். உடைக்க உடைக்க வெளியே தெரியும் பரப்பு கூடுகிறது, வேதிவினை நடப்பதெல்லாம் அந்தப் பரப்பில்தான். இதை நானோ வரைக்கும் இழுத்துப் பாருங்கள். பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால்தலை அளவு. அதே கட்டியை 1 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கிப் பரப்பைக் கூட்டினால் 6,000 சதுர மீட்டர் வரும், ஒன்றரை ஏக்கர்! எடை ஒரு இம்மிகூட மாறவில்லை. சும்மா இருக்கும் தங்கம்கூட நானோ துகளானால் வினைகளைத் தூண்ட ஆரம்பிப்பதற்கும், கொஞ்சூண்டு வெள்ளி நிறையக் கிருமியைக் கொல்வதற்கும் இதுதான் பெரிய காரணம்.

மூன்றாவதாகக் குவாண்டம் விளைவு என்று ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரானை அதற்குப் போதாத இடத்தில் அடைத்தால் அதன் ஆற்றல் படிகள் விலகுகின்றன, துகளின் நிறம் அதன் அளவைப் பொறுத்தே அமைகிறது. ஒரே பொருளைச் சிறிய துகளாக்கினால் நீலம், கொஞ்சம் பெரிதாக்கினால் சிவப்பு. குவாண்டம் புள்ளிகள் என்று டிவி விளம்பரத்தில் வருவது இதுதான். இதைக் கண்டுபிடித்து வளர்த்த மூவருக்கு 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

தாமரை இலையும் கீழடிப் பானையும்

'தாமரை இலைத் தண்ணீர் மாதிரி' என்று ஒட்டாத உறவைச் சொல்கிறோம். ஏன் ஒட்டவில்லை என்று கேட்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இலையை வைத்துப் பார்த்தவர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். வழவழப்பாக இருப்பதால்தான் தண்ணீர் வழுக்குகிறது என்று நாம் நினைப்போம். உண்மை தலைகீழ். இலை முழுக்க மைக்ரோ அளவில் மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மேலும் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் மெழுகுக் குழாய்கள் குச்சி குச்சியாக நிற்கின்றன. தண்ணீர்த் துளி அந்தக் குச்சிகளின் நுனியில் மட்டும் படுகிறது, அடியில் காற்று. அதனால் பரவ முடியாமல் உருண்டையாகவே இருந்து, உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது.

குளத்துக்குப் போக வழியில்லாதவர்கள் ஒரு சேப்பங்கிழங்கு இலையை எடுத்துக்கொள்ளலாம், அதுவும் இதே ஜாதி. ஒரு கரண்டி தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் பாதரசம் மாதிரி ஓடும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக நிற்காமல் படர்ந்து இலையை நனைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குச்சிகளுக்கு இடையே இருந்த காற்றைத் துரத்திவிட்டோம். சுவர்ப் பூச்சு, துணி, கண்ணாடி என்று பலதும் இந்த இலையைப் பார்த்து எழுதப்பட்டவை.

சரி, தாமரை இலை நானோ தொழில்நுட்பமா? என் பதில், இல்லை. நானோ இருக்கிறது, தொழில்நுட்பம் இல்லை. அந்தக் கட்டமைப்பு பரிணாமத்தில் வந்தது. இந்தச் சின்ன வேறுபாட்டை விட்டுவிட்டால் அப்புறம் எல்லாமே நானோ தொழில்நுட்பம் ஆகிவிடும்.

இங்கேதான் நம்மூர்க் கதை ஒன்று குறுக்கே வருகிறது. கீழடியில் கிடைத்த, கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். கார்பன் அணுக்களைத் தகடாக அடித்துச் சுருட்டிய மாதிரியான குழாய்கள் அவை. நவீன அறிவியலில் அவை பெரிதாகப் பேசப்பட்டதே 1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய பிறகுதான். அதேபோல 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோ குழாய்களைக் கண்டதாக 2006-ல் ஜெர்மன் குழு ஒன்று அறிவித்தது. அந்த வகை வாள்களுக்கு மூலப்பொருளாகப் போனது தென்னிந்திய உருக்கு. அந்த உருக்கைக் காய்ச்சிய தடயம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் கிடைத்திருக்கிறது.

உடனே வாட்ஸ்அப்பில் 'நானோ தொழில்நுட்பத்தின் தாயகம் தமிழகம்' என்று ஒரு படம் சுற்றும். நான் அதைப் பகிரமாட்டேன். 2,600 வருஷம் உதிராத ஒரு பூச்சைக் கண்டுபிடித்த குயவரின் கைப்பக்குவம் பெரிய விஷயம், அதில் மாற்றுக் கருத்தில்லை. எதைப் பூசி எவ்வளவு சூடு காட்டினால் பூச்சு நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே குழாய் உருவாவது தெரியாது, அதைக் கூட்டவோ குறைக்கவோ அவர் முயலவும் இல்லை. தோசை மாவு புளிப்பது நன்றாகத் தெரிந்த பாட்டியை நுண்ணுயிரியல் அறிஞர் என்று சொல்வோமா? பாட்டியின் தோசைக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

தெரிந்து செய்வதற்கு முதலில் பார்க்க வேண்டும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. 1981-ல் சூரிச்சில் ஐபிஎம் ஆய்வகத்தின் கெர்டு பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் வேறு வழி கண்டார்கள். ஓர் ஊசிமுனையைப் பரப்பைத் தொடாமல் தொடும் தூரத்தில் நகர்த்தி, இடைவெளியைத் தாண்டும் மின்னோட்டத்தை அளந்து, மேடு பள்ளத்தை வரைந்தார்கள். பார்வையற்றவர் பிரெய்ல் தடவிப் படிப்பதுபோல அணுக்களைத் தடவிப் பார்க்கும் கருவி. 1986-ல் இதற்கு நோபல். 1989-ல் அதே நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகத்தில் டான் ஐக்லர், அந்த ஊசிமுனையாலேயே 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, நிறுவனத்தின் மூன்று எழுத்துப் பெயரை எழுதினார். முப்பது வருஷத்துக்கு முன் ஃபைன்மன் கேட்டது கோலப்புள்ளி மாதிரி வரிசையாக வந்து உட்கார்ந்தது.

கடைத்தெருவில் அந்தச் சொல்

இனி புழக்கத்துக்கு வரலாம். உங்கள் போனில் உண்மையான நானோ எங்கே இருக்கிறது என்றால் சிம் தட்டில் இல்லை, உள்ளேயிருக்கும் சிப்பில் இருக்கிறது. 1971-ல் வந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் குட்டி சுவிட்சுகள்), அதன் நுண்கோட்டின் அளவு 10,000 நானோமீட்டர். இன்றைய போன் சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேல் டிரான்சிஸ்டர்கள். ஆனால் '3 நானோமீட்டர் சிப்' என்று விளம்பரத்தில் வரும்போது, உள்ளே எந்த உறுப்பையும் அளந்து 3 என்று சொல்லவில்லை. தொண்ணூறுகள் வரை அந்த எண் டிரான்சிஸ்டரின் ஓர் உண்மையான அளவோடு ஒத்துப்போனது. பிறகு அது தலைமுறையின் பெயராக மாறிவிட்டது. 3 நானோமீட்டர் தலைமுறையில் அடுத்தடுத்த டிரான்சிஸ்டர் வாயில்களுக்கு இடையே உள்ள தூரம் 48 நானோமீட்டர் அளவில் இருக்கிறது. உள்ளே இருப்பது அசல் நானோதான். எண்தான் அடையாளப் பெயர்.

சொல் நேர்மையாக வேலை செய்யும் இடங்களும் உண்டு. சென்னை ஐஐடியில் டி.பிரதீப்பின் குழு, நானோ பொருட்களைக் கொண்டு தண்ணீரிலிருந்து பூச்சிக்கொல்லியையும் ஆர்செனிக்கையும் பிரிக்கும் வடிகட்டிகளை உருவாக்கியது. 2009-ல் வந்த டாடா ஸ்வச் வடிகட்டியில் நெல் உமிச் சாம்பலில் நானோ வெள்ளியை ஏற்றியிருந்தார்கள். கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில், புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ என்ற மென்மையான மூலக்கூறைச் சிதையாமல் உடம்பின் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது 100 நானோமீட்டர் அளவிலான கொழுப்பு உருண்டைகள். இவற்றிலெல்லாம் 'நானோ' என்ற சொல்லை எடுத்துவிட்டால் பொருள் வேலை செய்யாது. எனக்கு அதுதான் உரைகல்.

உரசிப் பார்க்கத் தோதான ஒன்று நானோ யூரியா. இஃப்கோ என்ற உரக் கூட்டுறவு நிறுவனம் 2021-ல் கொண்டுவந்தது. 500 மில்லி பாட்டில் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடு என்றார்கள். மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், ஏறக்குறைய 20 கிலோ. முதலில் வந்த பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். நிலத்தில் கொட்டும் யூரியாவில் பெரும்பகுதி வீணாகிறது, துகள் நானோ அளவில் இருப்பதால் இலைத்துளை வழியாக நேரே உள்ளே போய்விடும் என்பது தயாரிப்பாளர் தரப்பு. எவ்வளவு சிக்கனமானாலும் 20 கிராம் எப்படி 20 கிலோவின் வேலையைச் செய்யும் என்பது விமர்சகர் தரப்பு. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருஷக் கள ஆய்வில் நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்ததாகவே வந்தது. துகளின் அளவு மாறினால் குணம் மாறும், சரி. ஆனால் பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை மாறாது. மேற்பரப்பு ஒன்றரை ஏக்கர் ஆகலாம், எடை அதேதான் என்று மேலே பார்த்தோமே, அந்தக் கணக்கு இங்கேயும் விடாது.

எதிர்ப்பக்கக் கூத்தும் நடந்திருக்கிறது. 2006-ல் ஜெர்மனியில், பெயரிலேயே நானோவை வைத்திருந்த ஒரு குளியலறைத் தெளிப்பானைப் பயன்படுத்திய நூறு பேர் அளவில் மூச்சுத் திணறலுக்கு ஆளானார்கள். சிலர் மருத்துவமனைக்கே போக வேண்டியதாயிற்று. 'நானோவால் வந்த முதல் ஆபத்து' என்று உலகம் முழுக்கச் செய்தி. கடைசியில் சோதித்துப் பார்த்தால் அதில் நானோ துகளே இல்லை! பரப்பில் படியும் மெல்லிய படலத்தை நினைத்து அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சந்தைக்காக ஒட்டிய சொல் அப்படியே பழியையும் வாங்கிக் கொடுத்தது. இதனால் உண்மையான நானோவில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் ஆகாது. நீளமான கார்பன் நானோ குழாய்கள் எலிகளின் உடலில் ஆஸ்பெஸ்டாஸ் இழைபோல அழற்சி உண்டாக்குவதை 2008-லேயே ஆய்வு காட்டியிருக்கிறது. குணம் மாறும் என்றால் நல்ல குணம் மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது?

தமிழில் இதை எப்படி எழுதுவது என்பதிலும் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. சிலர் நுண்தொழில்நுட்பம் என்கிறார்கள். நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று 'நுண்' ஏற்கெனவே மைக்ரோவுக்கு வாடகைக்குப் போய்விட்டது. அதையே நானோவுக்கும் கொடுத்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் ஒரே சொல்லுக்குள் புதைந்துவிடும். 'மீநுண்' என்பது நல்ல முயற்சி, ஆனால் பேச்சில் ஏறவில்லை. 'நேனோ' என்றும் எழுதுகிறார்கள், இலங்கைத் தமிழில் 'நனோ'. நான் நானோ என்றே எழுதுகிறேன். மீட்டர், கிராம் எல்லாம் அப்படியே வந்து குடியேறிவிட்டபோது இந்த முன்னொட்டை மட்டும் வாசலில் நிறுத்துவானேன்? அலகாக வரும்போது சேர்த்து நானோமீட்டர், நானோநொடி என்றும், அந்த அளவிலான பொருளைச் சொல்லும்போது பிரித்து நானோ துகள், நானோ குழாய் என்றும் எழுதினால் படிக்க வசதியாக இருக்கும். வெறுமனே 'இதில் நானோ இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: நானோ எது, தங்கமா, வெள்ளியா, மெழுகா?

நானோநொடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்கக் கடற்படையில் கணினி முன்னோடியாக இருந்த கிரேஸ் ஹாப்பரிடம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். அவர் கைப்பையிலிருந்து கம்பித் துண்டுகளை எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நானோநொடியில் ஒளி ஓடக்கூடிய அதிகபட்சத் தூரம் அது. "உங்களுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் இது எத்தனை கிடக்கிறது பாருங்கள்" என்பார். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் அடங்காமல் பையில் தனியாகக் கிடக்கும் நீள ஸ்கேலை எடுத்துப் பாருங்கள், ஒரு நானோநொடி ஏறக்குறைய அவ்வளவு நீளம்.